பக்கத்து பார்க்ல விளையாட்டு இடத்த புதுசாக்கப் போறாங்களாம், கருத்து கேக்குறாங்க. என்ன சொல்றது?

ஊஞ்சல்பலகை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற பார்க்ல குழந்தைங்க விளையாடுற இடத்த மொத்தமா பிரிச்சுட்டு புதுசா போடப் போறாங்களாம், அதுக்கு பொதுமக்கள் கருத்து சொல்லலாம்னு கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஃபார்ம் வாங்கிப் பாத்தேன். மூணு கலர் படம் இருக்கு, எது பிடிச்சிருக்கோ அதுக்கு டிக் அடிக்கணும். மூணுமே ஒண்ணுதான், ஒண்ணுல கூரை சிவப்பு, இன்னொண்ணுல நீலம், மூணாவதுல சறுக்கு வளைஞ்சு வருது. கடைசில "வேறு கருத்துகள்"னு ஒரே ஒரு கோடு, அதுல என் பேர எழுதவே இடம் பத்தாது. கூட்டம் வேற வேலை நாள்ல காலைல 11 மணிக்கு வச்சிருக்காங்க, அந்த நேரத்துல யார் போவா?

எனக்கு 4 வயசுல ஒண்ணு, 8 வயசுல ஒண்ணு. சும்மா விட மனசில்ல. இதுல அனுபவப்பட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அந்த ஒத்தக் கோட்டுல என்ன எழுதலாம்?

வெட்டிஆபீசர்

எழுதாதீங்க, வீட்ல தூங்குங்க. எல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசில நம்மகிட்ட வர்றது, வீட்ட கட்டி முடிச்சுட்டு வாசப்படி எங்க வைக்கலாம்னு கேக்குற கதை. கலர் மட்டும் நம்ம சாய்ஸ். சுத்தமான கண்துடைப்பு.

மணல்மேடு

வெட்டிஆபீசர் சொல்றதுல பாதி உண்மை. ஷெரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அம்மா 1969லயே மக்களுக்கு முடிவுல எவ்வளவு பங்கு குடுக்குறாங்கன்னு ஒரு ஏணி போட்டு காமிச்சிட்டாங்க, மொத்தம் 8 படி, "கருத்து கேட்டல்" நாலாவது படிலதான் நிக்குது, அதாவது பேச விடுவாங்க, ஆனா பேசுனத எடுத்துக்குவாங்கன்னு ஒரு கேரண்டியும் கிடையாது. ஆனா நாலாவது படில நின்னுகிட்டு அஞ்சாவதுக்கு கால தூக்குறது நம்ம கைலதான் இருக்கு, தூங்குனா அதுவும் இல்ல.

ஊஞ்சல்பலகை, நான் பூங்கா வடிவமைப்பு வேலைல கொஞ்ச நாள் இருந்தவன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். "உங்களுக்கு என்ன சாமான் வேணும்"னு கேட்டா எல்லாரும் அவங்களுக்குத் தெரிஞ்சததான் சொல்லுவாங்க, ஊஞ்சல், சறுக்கு, சீசா, முடிஞ்சது. சாமான் விக்கிற கம்பெனி கேட்டலாக்ல இருக்குறதும் அதேதான், அதனால கம்பெனிக்கும் சந்தோஷம், மக்களுக்கும் கேட்டத குடுத்த மாதிரி ஆச்சு. கேள்விய மாத்துங்க. இப்ப இருக்குற இடத்துல பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. ஒரு சாயங்காலம் ஒரு மணி நேரம் நோட்டும் பேனாவுமா போய் உக்காருங்க, போன எடுக்காதீங்க.

நான் ஒரு தடவ அப்படி உக்காந்தப்ப பாத்தது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. சறுக்கு ஏணிக்குப் பின்னாடி ஒரு ஆள் குனிஞ்சு உக்கார்ற அளவுக்கு நிழல். அதுக்குள்ள மூணு பிள்ளைங்க கடை வச்சிருந்துச்சுங்க. ஒரு செங்கல்லு மேல கிள்ளுன இலை, உடைச்ச குச்சி, கொஞ்சம் மண்ணு, எல்லாம் கூறு கூறா. காசுக்கு பதிலா நீலக் கலர்ல பிளாஸ்டிக் மூடி, அந்த விளையாட்டு சாமான் போல்ட்டுல இருந்தே கழண்டு விழுந்தது. ஒரு மூடிக்கு ரெண்டு இலை. வாங்க வந்த சின்னவன்கிட்ட மூடி இல்லன்னதும் கடன் சொல்லி குடுத்தாங்க. முக்கா மணி நேரம் அது ஓடுச்சு. அதே நேரத்துல அந்தப் பெரிய சறுக்குல ஒருத்தன் சேந்தாப்ல நின்னது அதிகபட்சம் நாலு நிமிஷம். நம்ம ஃபார்ம்ல சறுக்குக்கு டிக் அடிக்க இடம் இருக்கு, அந்தக் கடைக்கு எங்க இருக்கு?

ஸ்பேனர்கை

மணல்மேடு அண்ணே கதை நல்லாருக்கு, ஆனா எனக்கு அந்த மூடிதான் உறுத்துது. நான் பராமரிப்பு பக்கம் வருஷக்கணக்கா வேலை பாத்தவன். அந்த மூடி கழண்டு விழுந்துருச்சுன்னா அடில போல்ட் முனை நீட்டிகிட்டு நிக்கும். சறுக்குற பிள்ளையோட சட்டை நாடா, தொப்பி கயிறு அதுல மாட்டுனா கழுத்துதான் முதல்ல இறுகும். அதனாலதான் கழுத்துல கயிறு வச்ச ட்ரெஸ்ஸு, சைக்கிள் ஹெல்மெட்டு எதுவும் போட்டுகிட்டு ஏறக்கூடாதுன்னு சொல்றது. ஹெல்மெட்ட சைக்கிள் ஓட்டும்போது போடு, ஏணி ஏறும்போது கழட்டு, பெரும்பாலான பெத்தவங்க நேர் எதிரா நெனைச்சுகிட்டு இருக்காங்க.

புதுசு போட்டு ரிப்பன் வெட்டுறப்ப எல்லாரும் வருவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஊஞ்சல் சங்கிலிய மேல மாட்டுற எஸ் கொக்கிய போய் பாருங்க, உரசி உரசி கம்பி பாதியா தேஞ்சிருக்கும், வாய் தொறந்திருக்கும். அந்த இடுக்குல ஒரு காசு நுழையக் கூடாது, அதுதான் கணக்கு. கீழ நின்னு பாத்தா தெரியாது, ஏணி போட்டு ஏறணும். ஏணி எடுத்துட்டு வர ஆள் இருக்கா? இதத்தான் முதல்ல கேக்கணும். ஐரோப்பால விளையாட்டு சாமானுக்கு ஈஎன் 1176னு ஒரு தரம் இருக்கு, அதுல ஏழாவது பாகம் பொருத்துறது, சோதனை, பராமரிப்பு பத்தினதுதான். அடிக்கடி கண்ணால பாக்குறது ஒண்ணு, ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆட்டி அசைச்சுப் பாக்குறது ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு முழு சோதனை. உங்க ஒத்தக் கோட்டுல "வருஷா வருஷம் யார் வந்து பாப்பா, எழுதி எங்க வைப்பாங்க"னு மட்டும் எழுதுங்க, போதும்.

குட்டிமாம்மா

இந்த இழைய பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. என் பொண்ணு வீல்சேர். எங்க பக்கத்துல மூணு வருஷம் முன்னாடி இப்படித்தான் புதுசு பண்ணாங்க, "அனைவருக்குமானது"ன்னு போர்டு எல்லாம் வச்சாங்க. ராம்ப் (சாய்வுப் பாதை) உண்டு. ஆனா ராம்ப் ஆரம்பிக்கிற இடத்துக்கு போக 20 அடி மணல தாண்டணும். முன் சக்கரம் மணல்ல ஒரு அடி போனதும் பொதைஞ்சு நின்னுடும், பின்னாடி இழுத்தா இன்னும் பொதையும். நான் அவள தூக்கிட்டு போய் மேல வச்சிட்டு திரும்ப வந்து வீல்சேர தூக்கிட்டு போகணும். அவளுக்கு இப்ப 9 வயசு, தூக்குறப்ப மத்த பிள்ளைங்க பாக்குதுன்னு வேணாம்மாங்குறா.

மேல போனா திரும்ப இடம் இல்ல. ஒரு வீல்சேர் முழுசா திரும்ப 5 அடி வட்டம் வேணும். அத யாரும் அளக்கல. கருத்து கேட்டப்ப நான் கூட்டத்துக்கு போயிருந்தேன், ராம்ப் வேணும்னுதான் சொன்னேன், குடுத்துட்டாங்க. மணல் வேணாம்னு சொல்லத் தோணல, எனக்கு அப்ப தெரியல. அதனால ஊஞ்சல்பலகை, நீங்க சாமானப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி கேட்ல இருந்து அந்த சாமான் வரைக்கும் நடந்து பாருங்க, முடிஞ்சா ஒரு வீல்சேர் தள்ளிகிட்டு.

மணல்மேடு

குட்டிமாம்மா, ரொம்ப சரியா சொன்னீங்க. எல்லாரும் மேல இருக்குறதப் பாக்குறாங்க, தரைதான் முக்கியம். விளையாட்டு இடத்துல பெரிய அடி பெரும்பாலும் கீழ விழுறதுல வர்றதுதான்.

தரையப் பத்தி கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா டெண்டர்ல முதல்ல வெட்டு விழுறது இங்கதான். சிமெண்டு, தார், இது ரெண்டும் எந்த சாமானுக்கு கீழயும் இருக்கவே கூடாது. புல்லும் வெறும் மண்ணும் கூட அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட கையேட்டுப்படி பாதுகாப்பான தரைல சேராது, மிதிபட்டு மிதிபட்டு இறுகிடும். மரச் சீவல் 9 அங்குலம் இருந்தா 10 அடி உயரத்துல இருந்து விழுறத தாங்கும்னு அதே கையேட்டுல இருக்கு. மணல் 9 அங்குலம் போட்டா வெறும் 4 அடிக்குதான். நம்ம எல்லாரும் மணல்னா மெத்து மெத்துன்னு நெனைக்கிறோம், ஒரு மழை பேஞ்சு காஞ்சா தெரியும். இன்னொண்ணு, கொட்டி நிரப்புற எதுவா இருந்தாலும் கால்வாசி அமுங்கிடும், 9 வேணும்னா 12 கொட்டணும். ஊஞ்சலுக்கு கீழ பிள்ளைங்க கால உரசி உரசி ஒரு பள்ளம் வரும் பாருங்க, மழைல தண்ணி தேங்குமே, கரெக்டா விழுற இடத்துல ஒண்ணுமே இருக்காது.

ரப்பர் தரை போட்டா வீல்சேர் போகும், பள்ளம் விழாது. ஆனா விலை கூட, கருப்பு கலர்ல போட்டா வெயில்ல தோச... சரி விடுங்க, கால் வைக்க முடியாது, நடக்கப் பழகுற பிள்ளைங்க கால் பாதம் வெந்துடும். அதனால வெளிர் கலர், மேல நிழல். ரெண்டையும் கலந்து போடலாம், வழியும் முக்கியமான சாமானும் ரப்பர்ல, மத்தது சீவல்ல.

பத்தாங்கிளாஸ்

நான் 15. பொண்ணு. இங்க எல்லாரும் பெரியவங்களா இருக்கீங்க, நான் சொல்லலாமான்னு தெரியல. எங்க பார்க்ல 12 வயசு வரைக்கும்னு போர்டு இருக்கு. எங்களுக்குன்னு இருக்குறது ஒரு கம்பி வலை போட்ட கோர்ட் மட்டும்தான், அதுக்கு ஒரே ஒரு கதவு, உள்ள எப்பவும் பசங்க ஃபுட்பால். கதவுகிட்ட நாலு பேர் உக்காந்திருப்பாங்க, அவங்கள தாண்டி போகணும். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, ஆனா போக மாட்டோம். நானும் என் ஃபிரண்டும் ஊஞ்சல்ல உக்காந்து பேசுவோம், அதுக்கு ஒரு அங்கிள் வந்து குழந்தைங்களுக்கு விடுங்கம்மா, எரும மாடு மாதிரி வளந்துட்டு உக்காந்திருக்கீங்கன்னு சொல்லிட்டு போனாரு. அப்ப ஊஞ்சல் காலியாதான் இருந்துச்சு.

எங்களுக்கு வேணும்ங்குறது ரொம்ப பெருசில்ல. எதிரெதிரா உக்காந்து பேசுற மாதிரி ஒரு இடம். வரிசையா பெஞ்ச் போடுறாங்கள்ல, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி, அது வேணாம்.

மணல்மேடு

தங்கச்சி, நீ தாராளமா சொல்லலாம், இங்க இருக்குறதுலயே உருப்படியான கருத்து இதுதான். ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல வந்துச்சே, 31ஆவது பிரிவு விளையாட்டுக்கு உரிமை, 12ஆவது பிரிவு தன்னைப் பத்தின விஷயத்துல கருத்து சொல்ல உரிமை. 18 வயசு வரைக்கும் நீயும் அதுல சேத்தி.

நீ சொன்ன கோர்ட் கதை அப்படியே வியன்னால நடந்துருக்கு. 90கள்ல அங்க ஆய்வு பண்ணிப் பாத்தா, ஒம்போது வயசுக்கு மேல பொண்ணுங்க பார்க்குக்கு வர்றது சட்டுனு குறையுது, பசங்க குறையல. அப்புறம் 1999ல எயின்சீட்லர்னு ஒரு பார்க்லயும் இன்னொண்ணுலயும் பெரிய வெட்டவெளிய சின்னச் சின்ன இடமா பிரிச்சாங்க, பேட்மின்டன், வாலிபால் மாதிரி வேற ஆட்டத்துக்கும் இடம் விட்டாங்க, நடைபாதை போட்டாங்க. பொண்ணுங்க திரும்ப வர ஆரம்பிச்சாங்க. பசங்கள யாரும் விரட்டல, இடத்தத்தான் மாத்துனாங்க. அதனால கோர்ட்டுக்கு ரெண்டாவது கதவு கேளுங்க. செலவுன்னு பாத்தா ஒரு கதவு.

எதிர்வீட்டுஜன்னல்

எல்லாரும் குழந்தை குழந்தைன்னு பேசுறீங்க. அந்த பார்க்குக்கு எதிர்லயே குடியிருக்குறவன் பக்கமும் கொஞ்சம் பாருங்க. பகல்ல பிள்ளைங்க சத்தம் எனக்கு ஒரு பிரச்சனையே இல்ல. ராத்திரி 10 மணிக்கு மேல ஒரு கும்பல் வந்து சறுக்கு மேல உக்காந்துகிட்டு ஸ்பீக்கர்ல பாட்டு, காலைல போனா கண்ணாடித் துண்டு. பேசுறதுக்கு இடம் போடுங்கன்னு அந்தப் பாப்பா சொல்லுது, அது என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரா வந்தா நான் எங்க போறது? எனக்கு யாரும் ஃபார்ம் கூட குடுக்கல.

வெட்டிஆபீசர்

சார் நீங்க பார்க்கையே மூடச் சொல்றீங்களா

எதிர்வீட்டுஜன்னல்

நான் எங்கங்க மூடச் சொன்னேன்? என் பேரனும் அங்கதான் விளையாடுறான். இடத்த தள்ளிப் போடுங்கங்குறேன்.

ஸ்பேனர்கை

அவர் சொல்றது நியாயம்தான். பெரிய பசங்க உக்கார்ற இடத்த வீட்டுப் பக்கம் இல்லாம நடைபாதை ஓரமா, ஆள் நடமாட்டம் கண்ணுல படுற மாதிரி வைக்கணும். மறைவா கொண்டு போய் வச்சா அங்கதான் கண்ணாடி வரும், நான் பொறுக்குன கண்ணாடிக்கு கணக்கே இல்ல. லைட்டு கீழ பாத்து அடிக்கிற மாதிரி போட்டா ஜன்னலுக்கும் தொந்தரவில்ல. சத்தம் போடுற சாமான், அந்த மணி, டமாரம் மாதிரி தட்டுறது, அதையும் வீட்டுக்கு தூரமா வைக்கச் சொல்லுங்க. எங்க இடத்துல ஒண்ணு வச்சு ஒரே மாசத்துல கழட்டுனோம்.

தாத்தாபெஞ்ச்

நான் பேத்திய கூட்டிட்டு போறவன். எனக்கு வேண்டியது மூணு. முதுகு சாயிற பெஞ்ச், எந்திரிக்க கை வைக்க ஒரு பிடி, பக்கத்துலயே கழிவறை. கழிவறை இல்லாததால அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடுறோம், அவளும் அழுவா. இன்னொரு விஷயம், போன வருஷம் அவள மடில வச்சுகிட்டு நான் சறுக்குனேன், அவ செருப்பு ஓரத்துல சிக்கி காலு மடங்கிருச்சு, நல்ல வேளை எலும்புக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் திட்டுனாரு.

மணல்மேடு

ஐயா, டாக்டர் திட்டுனது சரிதான். மடில வச்சு சறுக்குனா பெரியவங்க எடையும் சேந்து வேகமா இறங்கும், பிள்ளை கால் ஓரத்துல சிக்குனா கீழ்க்கால் எலும்பு முறிஞ்சுடும். தனியா சறுக்கத் தெரியாத பிள்ளைக்கு சின்ன சறுக்கு வேணும், அதுக்குத்தான் 2ல இருந்து 5 வயசுக்கு தனி இடம், 5ல இருந்து 12க்கு தனி இடம்னு பிரிக்கிறது. ஊஞ்சல்பலகை, உங்களுக்கு 4, 8ன்னு ரெண்டு இருக்கே, ரெண்டையும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து பாக்க முடியுதான்னு பாருங்க. ரெண்டு இடத்தையும் ரெண்டு மூலைல வச்சுட்டா உங்க பாடு திண்டாட்டம்தான்.

ஆல்டோ வான் எய்க்னு ஒரு கட்டடக்கலைஞர் ஆம்ஸ்டர்டாம்ல 1947ல ஆரம்பிச்சு 700க்கு மேல விளையாட்டு இடம் போட்டாரு. ஒரு மணல் தொட்டி, சுத்தி அகலமா விளிம்பு, தொங்கிப் புரள கம்பி, பெஞ்ச், மரம். அவ்ளோதான். முதல் இடத்த பாத்துட்டு பக்கத்துத் தெருக்காரங்க எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு நகராட்சிக்கு எழுதுனாங்க, அப்படித்தான் பெருகுச்சு. அந்த விளிம்புல அம்மாவும் உக்காரலாம், பிள்ளையும் கடை போடலாம். கேட்டலாக்ல அப்படி ஒரு பக்கமே கிடையாது, ஏன்னா விக்க ஒண்ணுமில்ல.

ஊஞ்சல்பலகை

(பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்)

மணல்மேடு சொன்ன மாதிரி ஒரு மணி நேரம் போய் உக்காந்தேன். என் சின்னவன் ஊஞ்சல் பக்கமே போகல, குழாயடில ஒழுகுற தண்ணிய குச்சியால வாய்க்கா வெட்டி ஓட விட்டுகிட்டு இருந்தான், கூட நாலு பேர். பெரியவ சறுக்குல கீழ இருந்து மேல ஏறிகிட்டே இருந்தா. நான் வழக்கமா "அப்படி ஏறாத"ன்னு கத்துவேன், அன்னைக்கு நோட்ல எழுதுனேன். ஏறுறதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு இல்ல, அதான் ஏறுறா. அப்புறம் டேப் எடுத்துட்டு போய் ஊஞ்சல் உயரத்த அளந்தேன், மேல் கம்பி தரைல இருந்து 8 அடி, அப்படின்னா முன்னாடி 16 பின்னாடி 16 அடி காலியா விடணும்னு எங்கயோ படிச்சேன், மூணு படத்துலயும் ஊஞ்சலுக்குப் பின்னாடியே நடைபாதை போகுது.

கூட்டத்துக்கு லீவ் போட்டுட்டு போனேன். வந்தவங்க ஏழு பேரு, அதுல மூணு பேரு அதிகாரிங்க. நான் டிக் அடிக்காம ஃபார்ம் பின்பக்கம் முழுக்க எழுதிக் குடுத்தேன். ஸ்பேனர்கை கேள்விய கேட்டதும் ஒருத்தர் இன்னொருத்தர பாத்தாரு, பராமரிப்புக்கு தனியா ஒதுக்கலைன்னு அப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் எல்லாரையும் கிளப்பி பார்க்குக்கே கூட்டிட்டு போனேன், நடைபாதைய காலால அளந்து காமிச்சேன். நடுவுல இருந்த அம்மா, அவங்கதான் பெரிய அதிகாரி போல, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்க்லயே திரும்ப கூட்டம் வைக்கிறோம்னு ஒத்துகிட்டாங்க. பிள்ளைங்களும் வரலாம். குட்டிமாம்மா, உங்க 20 அடி மணல சொன்னேன், எழுதிகிட்டாங்க. எதிர்வீட்டு சார் மாதிரி சுத்தி இருக்குறவங்களுக்கு வீட்டுக்கு வீடு சீட்டு போடுறதா சொன்னாங்க, போட்டாத்தான் நம்பணும். ரெண்டாவது கதவுக்கு "பாக்கலாம்".

வெட்டிஆபீசர்

பாக்கலாம்னா வராதுன்னு அர்த்தம். சரி, சனிக்கிழமை எத்தன மணிக்கு?

பத்தாங்கிளாஸ்

நாங்க நாலு பேர் எங்க பார்க் ஆபீஸ்ல இதே மாதிரி எழுதிக் குடுக்கப் போறோம். கதவு எங்க வரணும்னு படம் போட்டு வச்சிருக்கோம்.

ஊஞ்சல்பலகை

5 மணிக்கு. வாங்க. நோட்டீஸ இந்த தடவ கேட்ல கீழயும் ஒண்ணு ஒட்டச் சொன்னேன், பிள்ளைங்க கண்ணுக்குப் படுற உயரத்துல. நேத்து பாத்தா யாரோ அதுல கிரேயான்ல ஒரு குழாய் வரைஞ்சு, அதுல இருந்து நோட்டீஸ் அடி வரைக்கும் நீலமா தண்ணி ஓட விட்டிருக்கு.

ஸ்பேனர்கை

குழாய் வேணும்னா வடிகாலும் சேத்து எழுதுங்க. அழுத்துனா வந்து தானா நிக்கிற மாதிரி குழாய் கேளுங்க, திருகுற குழாய் போட்டா ஒரு வாரத்துல திறந்து விட்டுட்டு போயிடுவானுங்க, மரச் சீவல் எல்லாம் மிதக்கும்.